‘வேலை கிடைத்ததும் கட்டிக்கலாம்’: கல்விக் கடனில் நடக்கும் தவறுகள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சென்னை வங்கிக் கிளைகளில் அப்பாவும் பிள்ளையுமாக வந்து கேட்பது, “எவ்வளவு லோன் கிடைக்கும்?” என்றுதான். படிப்பு முடியும்போது அது எவ்வளவாகி நிற்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. இதை வட்டியில்லாக் காலம் என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம். கல்லூரிக்குப் பணம் போன நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆண்டுக்கு 1.5 லட்சம் வீதம் நான்கு வருடத்துக்கு 6 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். முதல் வருடம் வாங்கிய 1.5 லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 75,000. அடுத்தடுத்த வருடங்களில் வாங்கியவற்றுக்கு 60,000, 45,000, 30,000. இஎம்ஐ (மாதத் தவணை) தொடங்கும் நாளில் கடன் 8.1 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 10,700 ரூபாய்.

வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால்? முதல் வருடம் மாதம் 1,250 ரூபாய், நான்காம் வருடம் 5,000. அப்போது இஎம்ஐ 7,930தான். மொத்தத்தில் சுமார் 1.2 லட்சம் மிச்சம். இப்படிக் கட்டுவோருக்கு வட்டியில் 1 சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள். முழுசாக முடியாதவர்கள் பாதியாவது கட்டலாம்.

இஎம்ஐ குறையட்டும் என்று 15 வருடம் கேட்பது அடுத்த தவறு. அந்த 8.1 லட்சத்துக்கு மாதம் 2,000 ரூபாய் குறையும், மொத்தத்தில் 2.8 லட்சம் கூடும். வேறு வழியில்லாமல் 15 வருடம் எடுத்தாலும், கையில் பணம் வரும்போது அசலில் போடுங்கள். மாறும் வட்டியில் வாங்கிய தனிநபர் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

சீட் எடுக்கும்போது நடக்கும் தவறுகள் தனி. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவருக்கான கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் கிடைக்காது. அந்தச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில்லாமல் கொடுக்கும் ‘டொனேஷன்’ தொகைக்கு எந்த வங்கியும் கல்விக் கடன் தராது. நன்கொடை வாங்குவதே 1992-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி குற்றம். அதற்காகத் தங்கத்தை அடகு வைத்தால் கல்விக் கடனுக்கு மேல் இன்னொரு கடன்.

7.5 லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பத்திரம் கேட்பதில்லை, அதைத் தாண்டினால் கேட்கும். எட்டு லட்சம் தேவைப்படுகிறவர்கள் ஐம்பதாயிரத்தைக் கையிலிருந்து போட முடியுமா என்று பார்த்தால் வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து படிப்பு தொழிற்கல்வியானால், தவணையில்லாக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. வருமானச் சான்றை விண்ணப்பத்தோடு கொடுக்காமல் விட்டு, பிறகு அலைபவர்கள் ஏராளம்.

கடன் கிடைத்ததோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு வருடமும் மதிப்பெண் பட்டியல், முந்தைய ரசீது, கல்லூரியின் கட்டணக் கடிதம் மூன்றையும் கொடுத்தால்தான் அடுத்த பணம் விடுவிப்பார்கள். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே போய்விடுங்கள், கல்லூரி அபராதத்தை வங்கி ஏற்காது.

கல்விக் கடனுக்குக் கட்டிய வட்டி முழுவதையும் வருமான வரி போடும் வருமானத்திலிருந்து கழிக்கலாம், அசலுக்குக் கிடையாது. பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும், வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகள்தான். படிக்கும்போதே வட்டி கட்டத் தொடங்கினால் இந்த எட்டாண்டும் அப்போதே ஓடத் தொடங்கும். அதற்காக வட்டியைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனமல்ல, மிச்சமாகும் வரி பெரும்பாலும் அவ்வளவு பெரிதாக இருக்காது.

வேலை கிடைக்காமல் இழுத்தால் வங்கியின் அழைப்பை எடுக்காமல் இருப்பதுதான் வழக்கம். தவணை 90 நாளுக்கு மேல் தவறினால் கணக்கு வாராக்கடன். இணைக்கடனாளியான அப்பாவின் சிபில் ஸ்கோரும் (கடன் நம்பகத்தன்மைக்கான மதிப்பெண்) சேர்ந்தே சரியும். முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய், காலநீட்டிப்புக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றதற்கான கையொப்பத்தை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.