தட்டு வந்ததும் ஒரு படம்

அன்னிக்கு என்னென்ன சாப்பிட்டோம்ங்கிற கணக்கை ராத்திரி எழுதிக்கலாம்னு விட்டா, மதியச் சோறு ஞாபகம் இருக்கும். நாலு மணி தே தாரிக்கும் (இழுத்து ஆத்தின பால் டீ) கூட வந்த வடையும் மறந்துபோகும். கணக்கு உதைக்கிறதே அங்கேதான்! உணவங்காடியில தட்டு மேசைக்கு வந்ததும் கைப்பேசியில ஒரு படம் எடுத்துடுங்க. சிங்கப்பூர் சுகாதார மேம்பாட்டு வாரியத்தோட 'ஹெல்தி 365' செயலியில சாப்பாட்டையும் நடையையும் சேர்த்தே பதியலாம். கலோரியோட மல்லுக்கட்ட வேண்டாம். பரோட்டா எத்தனை, தொட்டுக்க மீன் கறியா பருப்பா, அது போதும். வாரக் கடைசியில புரட்டிப் பாருங்க. முதல்ல குறைக்கச் சுலபம் பானம்தான்: 'தே சியூ டாய்' கேட்டா சீனி குறைவு, 'தே ஓ கோசோங்'னா பாலும் இல்லை, சீனியும் இல்லை. உடற்பயிற்சிக்கு வாரம் 150 நிமிஷம் இலக்கு. எம்ஆர்டி ரயிலுக்கு விறுவிறுன்னு நடக்கிறதும் அதில சேர்த்திதான், லேசா மூச்சு வாங்கினா.