டெபியன் சர்வரில் மென்பொருள் நிறுவுவதும் புதுப்பிப்பதும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சர்வரில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால், இணையத்தில் தேடி டவுன்லோட் செய்யும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். டெபியனுக்கென்று ஒரு மென்பொருள் களஞ்சியம் இருக்கிறது. அங்கிருந்து வரும் பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) டிஜிட்டல் கையொப்பத்தை வைத்துச் சரிபார்த்து, அவற்றுக்குத் தேவையான துணைப் பேக்கேஜ்களையும் சேர்த்து நிறுவித் தருவது ஆப்ட் என்ற கருவி. உபுண்டுவிலும் இதே கருவிதான்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

படி 1: பட்டியலைப் புதுப்பித்தல்

சூடோ ஆப்ட் அப்டேட்

இது எந்த மென்பொருளையும் மாற்றாது. களஞ்சியத்தில் இப்போது எந்தெந்தப் பதிப்புகள் இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் கொண்டு வரும். இதை ஓட்டிவிட்டு சர்வர் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வேலை இன்னும் தொடங்கவே இல்லை.

சூடோ என்பது ஒரு கட்டளையை ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓட்டுவது. அந்தக் கட்டளையே இல்லை என்று வந்தால், டெபியனை நிறுவும்போது ரூட் கடவுச்சொல் கொடுத்திருப்பீர்கள். 'எஸ்யு -' அடித்து ரூட்டாக மாறி, சூடோ இல்லாமல் அதே கட்டளைகளை ஓட்டலாம்.

படி 2: நிறுவுதல்

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை எடுத்துக்கொள்வோம்.

ஆப்ட் ஷோ என்ஜின்எக்ஸ்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்ஜின்எக்ஸ்

முதல் கட்டளை விவரம் காட்டும், இரண்டாவது நிறுவும். ஒன்றைக் கவனியுங்கள்: டெபியனில் இப்படிப்பட்ட சர்வீஸை நிறுவிய கையோடு அது ஓடவும் தொடங்கிவிடும். அதனால் ஃபயர்வாலை முன்கூட்டியே அமைத்துவிடுவது நல்லது. வேண்டாமென்றால் ஆப்ட் ரிமூவ். ஈடிசி டைரக்டரியில் உள்ள அமைப்புக் கோப்புகளும் போக வேண்டுமென்றால் ஆப்ட் பர்ஜ்.

படி 3: புதுப்பித்தல்

ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்
சூடோ ஆப்ட் அப்கிரேட்

ஆப்ட் ஒரு பட்டியலைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். இந்த இடத்தில் அவசரமே வேண்டாம். ஆப்ட் அப்கிரேட் நிறுவியிருக்கும் எதையும் நீக்காது; ஆப்ட் ஃபுல்-அப்கிரேட் தேவைப்பட்டால் நீக்கும். நீக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியலில் நீங்கள் பயன்படுத்தும் ஒன்று இருந்தால் 'என்' அழுத்தி வெளியே வாருங்கள். ஒத்திகை பார்க்க 'ஆப்ட் -எஸ் அப்கிரேட்' போதும், எதுவும் மாறாது.

நீங்கள் திருத்திய ஓர் அமைப்புக் கோப்புக்குப் புதிய வடிவம் வந்திருந்தால், எதை வைத்துக்கொள்வது என்று ஒரு கேள்வி வரும். வெறுமனே என்டர் தட்டினால் உங்கள் பழைய கோப்பே இருக்கும். 'டி' அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் கோப்பாக இருந்தால் கட்டாயம் பார்த்துவிடுங்கள். அது தவறினால் சர்வருக்குள் திரும்ப நுழைய முடியாமல் போகலாம். இன்னொரு டெர்மினலில் புதிதாக லாகின் ஆகிப் பார்த்த பிறகே பழைய இணைப்பை மூடுங்கள்.

பதிப்பு எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெபியன் 12-இல் என்ஜின்எக்ஸ் 1.22 தான் இருக்கிறது. பழையதாயிற்றே, ஓட்டையோடு இருக்குமே என்று பயந்து வேறு எங்கிருந்தோ புதியதை இறக்கத் தோன்றும். தேவையில்லை. நிலையான வெளியீட்டில் டெபியன் பொதுவாகப் பதிப்பை மாற்றாமல், பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டு வருகிறது. எண்ணின் வால்பகுதியில் வரும் 'டெப்12யு' போன்ற குறியே அதற்கு அடையாளம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு இந்த நிதானம்தான் பெரிய பலம் என்பது என் கருத்து.

கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) புதுப்பிக்கப்பட்டிருந்தால், ரீபூட் செய்யும்வரை பழைய கெர்னலே ஓடும். எந்தச் சர்வீஸ்கள் பழைய லைப்ரரியை (மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று பார்க்க நீட்ரீஸ்டார்ட் பேக்கேஜை நிறுவிக்கொள்ளுங்கள்.

படி 4: தானாக நடக்க விடுதல்

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்
சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்

இரண்டாவது கட்டளை கேட்கும் கேள்விக்கு 'ஆம்' கொடுத்தால், பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக நிறுவப்படும். தினமும் உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லாத சர்வரில் இதைத் தயங்காமல் போடுங்கள். ஒரு பேக்கேஜ் மட்டும் அசையக் கூடாது என்றால் 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' இருக்கிறது. ஆனால் அதற்கு வரும் பாதுகாப்புத் திருத்தமும் நின்றுபோகும், அதனால் வேலை முடிந்ததும் 'அன்ஹோல்ட்' செய்துவிடுங்கள்.

படி 5: அடுத்த பெரிய வெளியீட்டுக்கு மாறுதல்

டெபியன் 12 (புக்வர்ம்) 2023 ஜூனிலும், 13 (ட்ரிக்ஸி) 2025 ஆகஸ்டிலும் வெளியாயின. நடுவில் ஒன்றைத் தாண்டக் கூடாது: 11-இலிருந்து 12, அப்புறம்தான் 13.

முதலில் பேக்கப், அதைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்ற சோதனையோடு. அடுத்து வெளியீட்டுக் குறிப்புகளைப் படியுங்கள். பிறகு டீமக்ஸ் போன்ற டெர்மினல் கருவி ஒன்றுக்குள் வேலையைத் தொடங்குங்கள். நடுவில் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. இருக்கும் வெளியீட்டை முழுக்கப் புதுப்பித்துவிட்டு, வெளிக் களஞ்சியங்கள் இருந்தால் முடக்குங்கள். ஆப்ட்டின் சோர்சஸ் கோப்பில் புக்வர்ம் என்று வரும் இடமெல்லாம் ட்ரிக்ஸி என்று மாற்றுங்கள். அப்புறம் இந்த வரிசையில்:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் அப்கிரேட் --வித்அவுட்-நியூ-பிகேஜிஎஸ்
சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்
சூடோ ரீபூட்

திரும்ப வந்ததும் 'கேட் /ஈடிசி/டெபியன்_வெர்ஷன்' அடித்துப் பாருங்கள். 13 என்று தொடங்கினால் சரி. சர்வீஸ்கள் எல்லாம் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே, தேவையற்ற மிச்சங்களைத் துடைக்க ஆப்ட் ஆட்டோரிமூவ் ஓட்டுங்கள். அதன் பட்டியலையும் படித்துவிட்டே 'ஒய்' அழுத்துங்கள்.