ஆயில் மாற்றிய பிறகு கியர் இடிக்கிறதா? முதலில் அளவைப் பாருங்கள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி வண்டியை எடுத்ததுமே கியர் இடித்தால், கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். முதல் சந்தேகம் ஆயில் அளவின் மேல் இருக்கட்டும். சற்றுப் பழைய பிஎம்டபிள்யூ, ஜாகுவார் வண்டிகளில் வரும் இசட்எஃப் நிறுவனத்தின் 6எச்பி கியர்பாக்ஸை வைத்து இங்கே சொல்கிறோம். டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள மற்றவற்றுக்கும் சோதிக்கும் வரிசை இதுதான். ஏஎம்டி வண்டிக்கு இது பொருந்தாது. அது கிளட்சைத் தானே இயக்கிக்கொள்ளும் மேனுவல் கியர்பாக்ஸ்.

6எச்பி-யில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் கிடையாது. வண்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் உயர்ந்திருக்க வேண்டும்; முன்பக்கத்தை மட்டும் தூக்கிப் பார்த்த அளவை நம்ப முடியாது. எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். உள்ளே ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி, லீவரை ஆர், டி என ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி, திரும்ப பி-க்குக் கொண்டுவர வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில் ஆயில் சூடு 30 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கையில், எஞ்சினை அணைக்காமலே பக்கவாட்டு ஃபில்லர் போல்ட்டைக் கழற்றுங்கள். பக்கத்தில் சைலன்ஸர் குழாய் கொதிக்கும், கையுறை அவசியம். ஆயில் நூலாக வழிந்தால் அளவு சரி. வராவிட்டால், வழியும்வரை ஏற்றுங்கள்.

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். எஞ்சின் நின்றிருந்தால் பம்ப் இழுத்து வைத்திருந்த ஆயில், கியர்பாக்ஸின் அடித்தட்டான பேனுக்கு இறங்கிவிடும். பாதி ஏற்றியதுமே வழியும். ஆயில் அதிகம் சூடாகியிருந்தாலும் விரிந்து வழியும். இரண்டிலும் போல்ட்டை மூடிவிட்டுப் போனால் உள்ளே ஆயில் குறைவு. பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும், கிளட்சுக்குப் போகும் அழுத்தம் தள்ளாடும். டி போட்டு ஒரு நொடி கழித்து வண்டி 'டக்' என்று பிடிப்பதும், கியர் மாறும் நடுவில் ஆர்பிஎம் எகிறுவதும் அதனால்தான். அளவு கூடினாலும் நல்லதில்லை: சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், சூடான பிறகு இடிக்கும்.

அளவு சரியாக இருந்தும் குளிர்ந்த வண்டியில் ஊளைச் சத்தமும் தாமதமும் இருந்தால் பேனை இறக்குங்கள். பிளாஸ்டிக் பேனுள்ள மாடல்களில் ஃபில்டர் அதோடு சேர்ந்தே வரும். ஃபில்டர் கழுத்தின் பழைய சீல் மேலே துளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, புதியது சரியாக உட்காராமல் போயிருக்கும். அல்லது மடங்கி நசுங்கியிருக்கும். பழையதை எடுத்து, புதியதில் ஆயில் தடவி நேராக ஏற்றுங்கள். போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். பிளாஸ்டிக், அதற்கு மேல் இறுக்கினால் விரிசல் விடும்.

அடுத்து ஆயில் டின்னைப் பாருங்கள். 6எச்பி-க்கு இசட்எஃப்-இன் லைஃப்கார்டு 6 ஆயில், அல்லது அந்தத் தரத்துக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஆயில். தவறான ஆயில் என்றால், மிதமான வேகத்தில் சீராக ஓட்டும்போது கரடுமுரடான சாலையில் போவதுபோல ஒரு உதறல் தெரியும். கன்வெர்ட்டரை எஞ்சினோடு நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் நழுவி நழுவிப் பிடிப்பதுதான் காரணம். ஒரு முறை இறக்கினால் மொத்த ஆயிலும் வராது. தடவைக்குப் பாதி மாறுகிறது என்று வைத்தாலும், மூன்று தடவைக்குப் பிறகும் எட்டில் ஒரு பங்கு தவறான ஆயில் மிஞ்சும்.

இதெல்லாம் சரியான பிறகே அடாப்டேஷன் ரீசெட். கம்ப்யூட்டர் பழைய ஆயிலுக்கும் தேய்மானத்துக்கும் ஏற்பக் கற்ற கணக்கை ஸ்கேனரால் அழித்துவிட்டு, சூடான கியர்பாக்ஸோடு ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்து எல்லாக் கியரும் ஏறும்படி ஓட்டுங்கள். பிறகு பிரேக்கைத் தொடாமல் வேகம் இறங்க விடுங்கள். பல முறை இப்படிச் செய்ய வேண்டும். அளவு குறைவாக இருக்கும்போதே ரீசெட் செய்தால் கம்ப்யூட்டர் தப்பான கணக்கைத்தான் கற்றுக்கொள்ளும்.

பேனில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. மினுக்கும் உலோகச் செதில்களோ, கருகிய வாடையோடு கறுத்த ஆயிலோ இருந்திருந்தால் தேய்மானம் முன்பே வந்தது. அப்போது மீண்டும் ஆயில் மாற்றிப் பணத்தை விடாமல், அழுத்தச் சோதனைக்குக் கொடுங்கள்.