‘ஃபின்லாந்து கல்வி முறை’ என்று யாராவது ஆரம்பித்தால் என்ன கேட்கலாம்?

அட்மிஷன் சீசன் வந்துவிட்டால் சென்னையில் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்து ஓஎம்ஆர் பள்ளி விளம்பரம் வரைக்கும் ஃபின்லாந்து, சிங்கப்பூர், கொரியா புராணம்தான். மயங்கிப் போய் ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள்.

முதலில், எந்த வருடக் கதை? இந்தப் புகழில் பெரும்பகுதி, பெரும்பாலும் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி (OECD) பல நாடுகளில் நடத்தும் பீசா (PISA) தேர்விலிருந்து வந்தது. 15 வயதுப் பிள்ளைகளுக்கு 2000-இலிருந்து நடக்கிறது. 2006-இல் கணிதத்தில் ஃபின்லாந்தின் சராசரி 548. 2022-இல் 484. இந்தச் சரிவை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. இன்னொன்று, 2006-இல் அந்த மார்க் எடுத்த பிள்ளைகள் தொண்ணூறுகளில் பள்ளியில் சேர்ந்தவர்கள், ஆகவே இன்று அங்கே போய்ப் பார்த்து வீடியோ எடுக்கிற வகுப்பறைக்கு அந்தப் பெருமையைத் தூக்கிக் கொடுப்பது சரியில்லை.

அடுத்து, அந்தத் தேர்வை எழுதியது யார் என்று பாருங்கள். 2009-இலும் 2012-இலும் முதலிடம் என்று கொண்டாடப்பட்டது ஷாங்காய் என்ற ஒரு நகரம், மொத்தச் சீனா இல்லை. அதிலும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, அந்த ஊர்க்காரர் என்று காட்டும் அரசின் குடும்பப் பதிவு அங்கே இல்லாததால், பலர் மேல்நிலைப் படிப்புக்குச் சொந்த ஊருக்கே திரும்ப வேண்டியிருந்தது. அப்படித் திரும்பியவர்கள் ஷாங்காயின் மார்க் கணக்கில் வர மாட்டார்கள்.

மூன்றாவது, பள்ளிக்கு வெளியே என்ன நடக்கிறது? கொரியாவில் ‘ஹாக்வான்’ என்கிற டியூஷன் சென்டர்கள் இரவு பத்து மணிக்கு மூட வேண்டும் என்று தலைநகர் சியோலில் விதியே போட வேண்டி வந்தது. அந்த மார்க்கில் பள்ளியின் பங்கு எவ்வளவு, டியூஷன் பங்கு எவ்வளவு? கோச்சிங் சென்டர் வாசலில் வண்டியோடு காத்திருக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் ஊர்க் கதையும் உண்டு. பீசா 2009-இன் நீட்டிப்புச் சுற்றில் இந்தியாவிலிருந்து எழுதியவை தமிழ்நாடும் இமாச்சலமும், இரண்டுமே பட்டியலின் அடியில். கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று இந்தியா அப்புறம் ஒதுங்கிக்கொண்டது. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அப்படியென்றால் அதே தேர்வில் ஜெயித்த நாட்டை மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம்?

கடைசியாகப் பள்ளிக்கு நேரில் போகும்போது, ஃபின்லாந்தில் வகுப்பு ஆசிரியராக முதுகலைப் பட்டம் வேண்டும், கட்டாயக் கல்விக்குக் கட்டணம் கிடையாது என்ற இரண்டையும் சொல்லிவிட்டு, இங்கே டீச்சர் என்ன படித்திருக்கிறார், என்ன சம்பளம், எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். சம்பளத்தைச் சொல்ல மாட்டார்கள், பரவாயில்லை, கேளுங்கள்.