எஸ்ஜிபிடி முடிவைக் கெடுக்கும் வெப்பநிலைத் தவறுகள்

எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் கல்லீரல் பாதிப்பை அறிய ரத்தத்தில் அளக்கும் என்சைம்கள். சிறிய லேப்களில் இந்தப் பரிசோதனைகளில் அதிகம் நடக்கும் தவறு, ரீஏஜென்ட்டை (சோதனைக்கான ரசாயனக் கரைசலை) ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வேலையைத் தொடங்குவதுதான். முடிவை அளக்கும் கருவியான செமி ஆட்டோ அனலைசரின் திரையில் 37 டிகிரி என்று தெரிவதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறோம். அது கருவியின் சூடு. உள்ளே போகும் திரவம் அந்தச் சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும். 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட்டில் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் 100 மைக்ரோலிட்டர்தான் சேர்க்கிறோம். ஆகவே ரீஏஜென்ட் குளிர்ந்திருந்தால் கலவையும் குளிர்ந்துதான் இருக்கும்.

என்ன நடக்கும்? வெப்பநிலை 10 டிகிரி கூடினால் என்சைமின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இந்தக் கணக்குப்படி, உண்மையில் 48 யூனிட் எஸ்ஜிபிடி உள்ளவரின் சீரத்தை 34 டிகிரியில் அளந்தால் 39 என்று வரும். மேல் வரம்பு 40 என்று வைத்திருக்கும் லேப்பில் அது நார்மல். கல்லீரல் கோளாறின் தொடக்கம் அங்கேயே கைநழுவிப் போகிறது. அளவை யூனிட்டாக மாற்றக் கருவியில் போடும் பெருக்கெண்ணான ஃபேக்டர் இதைச் சரிசெய்யாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. 340 நானோமீட்டர் ஒளியில் அளக்கும்போது, ஒளி உறிஞ்சலில் ஒவ்வொரு நிமிடமும் வரும் வேறுபாட்டைத் தனித்தனியாகப் பாருங்கள். அவை ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போனால், கலவை இன்னும் சூடேறிக்கொண்டிருக்கிறதோ என்று முதலில் சந்தேகப்படுங்கள். சராசரியை மட்டும் பார்த்தால் இது தெரியாது. கலவையை ஊற்றி அளக்கும் சிறு குப்பியான குவெட் குளிர்ந்திருந்து, அதன் வெளிப்புறம் பனித்தாலும் அளவு தடுமாறும்; துடைத்துவிட்டு வையுங்கள்.

குவெட் வைத்துப் படிக்கும் கருவியென்றால், குவெட்டில் தண்ணீர் ஊற்றி மெல்லிய ப்ரோப் உள்ள தெர்மாமீட்டரால் அவ்வப்போது சரிபார்ப்பது நல்லது.

பழைய புத்தகத்திலிருந்து நார்மல் வரம்பை எடுத்து எழுதுவது இன்னொரு தவறு. ஒரு காலத்தில் 25, 30 டிகிரியிலும் அளந்தார்கள். மருத்துவ வேதியியலுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஐஎஃப்சிசி 2002-இல் வெளியிட்ட ஒப்பீட்டுக்கான தர முறைகள் 37 டிகிரிக்கானவை. அந்தப் பழைய வரம்பை இன்றைய முடிவோடு ஒப்பிட்டால் நலமாக இருப்பவரையும் நோயாளி என்று சொல்லிவிடுவோம்.

அப்புறம், சேமிப்பு. எல்லா சீரத்தையும் ஃப்ரிட்ஜில் வைத்தால் பத்திரம் என்பது எல்டிஎச் என்ற என்சைமுக்குப் பொருந்தாது. அதன் கல்லீரல் வகை குளிரில் செயலிழக்கும்; அறை வெப்பநிலையில் வைத்து சீக்கிரம் அளந்துவிடுங்கள். எஸ்ஜிபிடி சீரத்தை சில நாள் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஆனால் சாதாரண ஃப்ரீசரில் உறைய வைத்தால் மதிப்பு குறையும். ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற என்சைம் வேறு மாதிரி: உறைந்து உருகிய சீரத்தில் முதலில் குறைந்து, பிறகு மெல்ல ஏறும். பொடியைக் கரைத்துத் தயாரிக்கும் கண்ட்ரோலிலும் (சோதனை சரியா என்று பார்க்கும், மதிப்பு தெரிந்த மாதிரியிலும்) இந்த ஏற்றம் உண்டு. ஆகவே கரைத்ததும் அளக்காமல், கிட்டில் சொன்ன நேரம் வரை அறை வெப்பநிலையில் விட்டுவையுங்கள்.