எடை குறைய புரோபயாட்டிக்: வாங்கும் முன்னும் சாப்பிடும்போதும்

எடைக்காக புரோபயாட்டிக் (உடலுக்கு நன்மை தரும் என்று சாப்பிடும் உயிருள்ள கிருமிகள்) வாங்குகிறீர்கள் என்றால் முதலில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில் சராசரி எடை இழப்பு ஒரு கிலோவுக்கும் கீழேதான். உடலில் தண்ணீர் கூடிக் குறைவதாலேயே எடை ஒரு நாளில் அதைவிட அதிகமாக ஏறி இறங்கும்.

டப்பாவைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். வெறும் 'லாக்டோபேசில்லஸ்' என்று போட்டிருந்தால் அப்படியே வைத்துவிடலாம். இனப்பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ஸ்ட்ரெயின் (ஒரே இனத்துக்குள் வரும் தனி வகை) குறியீடு இருக்க வேண்டும். ஜப்பானில் 12 வாரம் புளித்த பாலில் கொடுத்து, வயிற்றுக் கொழுப்பு குறைந்ததாகக் கண்டது லாக்டோபேசில்லஸ் காஸ்ஸெரி எஸ்.பி.டி.2055 என்ற ஸ்ட்ரெயினில். சாப்பிடுவதை நிறுத்தியதும் பலனும் மங்கியது. வேறு குறியீடுள்ள காஸ்ஸெரிக்கு இந்த முடிவைப் பொருத்த முடியாது. எடையைக் கூட்டுவதோடு தொடர்புபடுத்தப்பட்ட ஸ்ட்ரெயின்களும் உண்டு.

அடுத்து சி.எஃப்.யூ., அதாவது உயிருள்ள கிருமிகளின் எண்ணிக்கை. 'தயாரித்தபோது 1,000 கோடி' என்பதும் 'காலாவதி தேதி வரை 1,000 கோடி' என்பதும் ஒன்றல்ல, இரண்டாவதைத்தான் நம்பலாம். எண்ணிக்கை பெரிதானால் பலனும் பெரிதாகிவிடாது. இன்யூலின் என்ற நார்ச்சத்து சேர்த்திருந்தால் வாயுத் தொல்லை கூடும். 'வாரத்தில் 5 கிலோ' என்று விளம்பரம் செய்யும் பொடிகளைத் தொடவே வேண்டாம். எடைக்குறைப்புப் பொருட்களில் லேபிளில் சொல்லாத சிபுட்ரமின் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அது ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும் மருந்து.

ஒரு நேரத்தில் ஒரே தயாரிப்பு போதும். தொடங்கும் முன் காலையில் கழிப்பறை போய்வந்து, வெறும் வயிற்றில் எடை பாருங்கள். வாரத்தில் மூன்று நாளாவது அப்படிப் பார்த்துச் சராசரி எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே டேப்பை வைத்து இடுப்பளவையும் குறியுங்கள். சாஷே பொடியை ஆறிய நீரில் கலக்கவும், சூடு பட்டால் கிருமி செத்துவிடும். ஆன்டிபயாட்டிக் சாப்பிடுபவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். சாக்கரோமைசஸ் பௌலார்டி என்ற புரோபயாட்டிக் பாக்டீரியா அல்ல, ஈஸ்ட். ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது, பூஞ்சை மருந்துதான் கொல்லும். முதல் சில நாள் வயிறு உப்பினால் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். 12 வாரத்தில் எடையிலோ இடுப்பிலோ மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம், பணம் மிச்சம்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், ஐ.சி.யூ. நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாட்டிக் கொடுத்த நெதர்லாந்து ஆய்வில் (2008) இறப்பு 16 சதவீதம். போலி மருந்து பெற்றவர்களில் 6 சதவீதம். குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பது பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023-இல் எச்சரித்தது. மத்திய சிரைக் குழாய் (மருந்து ஏற்றப் பெரிய ரத்தநாளத்துக்குள் போடும் குழாய்) போட்டிருப்பவர் அருகில் பௌலார்டி கேப்ஸ்யூலைப் பிரிக்கவே கூடாது: காற்றில் பறக்கும் பொடியும் விரலில் ஒட்டிய பொடியும் குழாய் வழியாக ரத்தத்தில் நுழைந்துவிடலாம்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் எந்தக் கிருமியைத் தேடுவது என்று ஆய்வகத்துக்கு அந்த லேபிள்தான் சொல்லும்.