ஜன்னல் திரைக்கு அளவு: சின்னதை எழுதுங்கள்

ஜன்னல் குழிக்குள் பொருத்தும் சுருள் திரைக்கு, அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் இரும்பு டேப்பால் அளந்து, இருப்பதிலேயே சின்ன அளவை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் நகரப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர்ப் பூச்சு ஒரே சீராக இருக்காது. ஓரிடத்தில் 5 மி.மீ. குறைந்தாலும் திரை அங்கே உரசி நின்றுவிடும். உயரத்துக்கு மட்டும் பெரிய அளவு. திரை உரசாமல் இருக்க விடும் ஓர இடைவெளியைப் பெரும்பாலும் கடையிலேயே அகலத்தில் கழித்துவிடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் கழித்தால் இரண்டு பக்கமும் வெயில் எட்டிப் பார்க்கும். இங்கே வெயில் வடக்கிலிருந்து விழுவதால் வடக்கு ஜன்னலில்தான் அந்தத் தொல்லை அதிகம்.

அப்புறம், உள்பக்கத் திருட்டுத் தடுப்புக் கம்பி குழியை அடைத்திருந்தால் இந்தக் கணக்கு ஆகாது. திரையைச் சுவர்மேல்தான் மாட்ட வேண்டும். அதற்குக் குழியின் அகலத்தோடு ஒவ்வொரு பக்கமும் 75 மி.மீ. போலக் கூட்டிக்கொள்ளுங்கள்.